செத்தவருக்கும் சாதி உண்டு: தனுஷ்கோடிப் பேய்களை முன்வைத்து

பேய் என்றால் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு நம் பகுத்தறிவு நண்பர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவ்வளவு சுலபமாகப் போய்விட முடியாது. செத்துப்போன ஒருவரைப் பித்ரு என்பதா, சாமி என்பதா, பேய் என்பதா என்று தீர்மானிப்பது யார்? இப்படிக் கேட்டுப் பாருங்கள். பேய்க்கதை என்பது அதிகாரத்தின் கதையாக மாறிவிடும். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டிய இடம் ராமேஸ்வரம் தீவு.

எங்கள் சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வேன் பேசிக்கொண்டு ராமேஸ்வரம் போகிறவர்கள் நிறையப் பேர். காலையில் அக்னி தீர்த்தக் கரையில் திதி. ஐயர் மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்கிறார், கோத்திரம் கேட்கிறார். தெரியாது என்றால் அவரே ஒன்றைச் சொல்லிக்கொள்கிறார். பெயர் சொல்லி எள்ளும் தண்ணியும் விட்டால் செத்தவர் பித்ரு. மத்தியானத்துக்கு மேல் அதே வேன் தனுஷ்கோடிக்குப் போகிறது. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்தபிறகு இது வழக்கமாகிவிட்டது. அங்கே கடலில் செத்தவர்களுக்குப் பெயரும் இல்லை, எள்ளும் இல்லை. அவர்கள் பேய்கள். "ராத்திரியானா ரயில் சத்தம் கேக்குமாம்", "சர்ச்சுக்குள்ள யாரோ அழுவுறாங்களாம்" என்று கதை ஓடுகிறது. இடிந்த சர்ச்சு முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். பொழுது சாய்ந்தால் போலீஸ் கிளம்பச் சொல்கிறது. பாதுகாப்புக்காகச் செய்யும் அந்தக் காரியமும் பேய்க்குச் சாட்சியாகிவிடுகிறது. இருபது கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே தீவுக்குள் செத்தவர்களில் இரண்டு வர்ணம்.

இந்தக் கதையாடல் எதைச் சொல்கிறது, எதை விழுங்குகிறது என்று பார்க்க வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலைத் தனுஷ்கோடி நெருங்கும்போது கடல் எடுத்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. துறைமுகம், ஸ்டேஷன், போஸ்டாபீஸ், பள்ளிக்கூடம், குடியிருப்பு எல்லாம் போயின. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தவறாமல் சொல்லும் பெயர் இரண்டு: ஜெமினி கணேசன், சாவித்திரி. அப்போது ராமேஸ்வரத்தில் இருந்து தப்பித்தவர்கள் அவர்கள். பிழைத்த நட்சத்திரங்களின் பெயர் கதையில் நிற்கிறது. செத்த பயணிகளில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.

அரசு என்ன செய்தது? உடைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரி செய்தார்கள். அது பெரிய சாதனைதான். ராமேஸ்வரத்துக்கு ரயில் வந்தது, யாத்திரை தொடர்ந்தது. தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவில்லை. மனுசர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். ஆனால் மீன்பிடிக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. கீற்றுக் கொட்டகை, மணலைத் தோண்டி ஊற்றில் மொண்டு குடிக்கிற தண்ணி, பல பத்தாண்டுகள் கரண்ட் இல்லாத இருட்டு. சுற்றுலா மொழியில் அந்த இருட்டுக்குப் பெயர் 'மர்மம்'. உயிரோடு இருக்கிறவர்களையும் பேய்க்கணக்கில் எழுதிவிட்டால் தண்ணீர்க் குழாய் கேட்கிற குரலும் ஆவியின் குரலாகத்தானே கேட்கும்?

அந்தக் கதை விழுங்கிய இன்னொரு கூட்டம் நம்முடையது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. போட் மெயில் தனுஷ்கோடிக்கு ஓடியது. அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். இர்வின், கோஷன் என்று கப்பல்களுக்கு வெள்ளைத் துரைமார் பெயர். அதில் போனவர்கள் யார்? வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் போனார்கள். கங்காணிகள் கூட்டிப்போன தோட்டக் கூலிகளும் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். சேலம், திருச்சி ஜில்லாக்களின் சேரிகளிலிருந்தும் ஆள் பிடித்தார்கள். மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைத்துவைத்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். ரயிலுக்கும் முந்தி, காப்பித் தோட்டக் காலத்தில், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்து செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1939இல். அதுவரைக்கும் ராமேஸ்வரம் கோயிலுக்குள் போக உரிமையில்லாமலே அந்தத் தீவைத் தாண்டிப் போனார்கள்.

புயலுக்கு இரண்டு மாதம்கூட முந்தியில்லை, 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவு. அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. இலங்கையை உழைத்து உருவாக்கியவர்களைத் தலைமன்னாரில் கப்பலேற்றி ராமேஸ்வரத்தில் இறக்கினார்கள். 1983க்குப் பிறகு யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களைப் படகுக்காரர்கள் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். 2022இல் அங்கே பஞ்சம் வந்தபோதும் அதே மணல்திட்டு, அதே காத்திருப்பு. கைக்குழந்தையோடு நடுக்கடல் மணலில் ராத்திரி நின்ற பெண்ணின் கதையில் இல்லாத பயங்கரமா இடிந்த சர்ச்சில் இருக்கிறது? அந்தக் கதையை எந்த வேனிலும் யாரும் சொல்வதில்லை.

நம் கிராமத்துப் பேய் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. பேயோட்டுகிறவன் உடுக்கையடித்துக் கேட்கிற கேள்விகளைக் கவனியுங்கள்: "நீ யாரு? எந்த ஊரு? என்ன சாதி?" பேய்கூடச் சாதி சொல்லித்தான் இறங்க வேண்டும். ஊர்த் தெருப் பெண்ணைப் பிடிக்கிற பேய் சேரிக்காரனாகவே இருந்துவிட்டால் வசதி. அவள் மனசில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. முடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்தால் தீர்ந்தது. சுடுகாட்டைக் கண்டு ஊர் பயப்படுகிறது. ராத்திரி முழுக்கப் பிணத்தோடு கிடந்து வேகவைக்கிற வெட்டியானுக்கோ பயப்படுகிற உரிமைகூட மறுக்கப்பட்டிருக்கிறது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் ஆட்களுக்குக் கொன்றவனை மறக்காத ஒரு மரபு உண்டு. மதுரை வீரனை மாறுகால் மாறுகை வாங்கினார்கள், காத்தவராயனைக் கழுவேற்றினார்கள் என்று இன்றைக்கும் உடுக்கையடித்துப் பாடுகிறோம். யார் செத்தது, எதற்காகச் செத்தது, யார் கொன்றது என்று மூன்றும் அந்தப் பாட்டில் இருக்கும். அது ஒரு முடியாத வழக்கு. பாடப் பாட மறுவிசாரணை நடக்கிறது. இந்தச் சாமிகளைப் பெரிய கோயில் தனக்குள் இழுத்துப் பூணூல் மாட்டப் பார்ப்பதும் இதனால்தான். தனுஷ்கோடியின் பேயிடம் இந்த மூன்றும் கிடையாது. பெயரற்ற, காரணமற்ற, குற்றவாளி இல்லாத பேய் அது. பார்க்க வந்தவனுக்கு ஒரு சிலிர்ப்பைக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிடுகிறது.

ஆகவே தனுஷ்கோடிக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போங்கள். அங்கே ஊற்றுத் தண்ணி மொள்ளுகிற அக்காவிடம் ரேஷன் எங்கே வாங்குகிறாய், பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேளுங்கள். திரும்பி வந்து உங்கள் சேரியில் கேளுங்கள். "எங்க தாத்தாகூடப் பொறந்தவரு கண்டிக்குப் போனாரு, திரும்பவேயில்ல" என்கிற பேச்சு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பெயர் என்ன, எந்தக் கங்காணி கூட்டிப்போனான், எந்தத் தோட்டம், கடைசிக் கடுதாசி எப்போது வந்தது என்று விடாமல் கேட்டு எழுதுங்கள். சொல்லத் தெரிந்த கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எழுதியதை இந்தப் பக்கங்களுக்கு அனுப்புங்கள்.