வத்தலக்குண்டுக்காரரின் இங்கிலீஷ் நாவல்

திண்டுக்கல்லில் பஸ் ஏறி செம்பட்டியைத் தாண்டிப் போனால் வத்தலக்குண்டு. கொடைக்கானல் போகிறவர்களுக்கு அது மலை ஏறுமுன் காபி குடிக்க இறங்கும் ஊர். வாசகனுக்கு அது ‘வாடிவாசல்’ எழுதிய சி.சு. செல்லப்பாவின் ஊர், ‘மணிக்கொடி’ பி.எஸ். ராமையாவின் ஊர், இருவருக்கும் முந்திய பி.ஆர். ராஜமய்யரின் ஊர். ராமையா, ராஜமய்யர் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் ‘பி’ வேறொன்றுமில்லை, வெள்ளைக்காரன் வாயில் பட்டு ‘பட்லகுண்டு’ ஆன இதே வத்தலக்குண்டுதான்.

ராஜமய்யர் 1872இல் பிறந்து 1898இல் போய்விட்டார். 26 வயது. அதற்குள் தமிழில் ஒரு நாவல், இங்கிலீஷில் முடிக்காமல் விட்ட இன்னொரு நாவல். முதலாவதைப் படித்தவர்கள் உண்டு. இரண்டாவதைத் தேடிப் போகிறவர் அபூர்வம். என் யோசனை, இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஆள் அப்போதுதான் முழுசாகப் பிடிபடுவார்.

‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் தொடராக வந்தது. ஒரே மூச்சில் படித்து முடிக்கிற புத்தகம் அல்ல. ஒரு ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் போதும், முடிந்தால் வாய்விட்டு. ‘வம்பர் மகாசபை’ கூடும் இடங்களை மட்டுமாவது வீட்டில் நாலு பேர் இருக்கும்போது படித்துக் காட்டுங்கள். ஊர்ப் பெண்கள் ஒருத்தி பேச்சை இன்னொருத்தி பிடுங்கிக்கொண்டு போகும் வேகத்தைக் கண் பிடிக்காது, காதுதான் பிடிக்கும். அந்தச் சிரிப்புக்குள்ளேயே விஷமும் இருக்கிறது. கமலாம்பாள் குடும்பத்தைக் கலைப்பதே ஓர் அபவாதம்தானே. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வந்தால் அவசரப்படாதீர்கள். தமிழ்ப் பண்டிதரைக் கேலி செய்துகொண்டே அவர்மேல் பிரியம் வரவைப்பது சின்ன வித்தை இல்லை. எழுதியவருக்கு அப்போது வயது 21.

பிற்பாதியில் கதை மெல்ல வேதாந்தத்துக்குள் இறங்குகிறது. பலர் புத்தகத்தை மூடிவைக்கும் இடம் அது. எனக்கும் முதல் வாசிப்பில் கொட்டாவி வந்தது. ஆனால் மனுஷர் பிறகு எங்கே போனார் என்பதற்கு வழி அங்கேதான் தெரிகிறது.

1896 ஜூலையில் விவேகானந்தரின் சென்னைச் சீடர்கள் ‘பிரபுத்த பாரதா’ என்ற இங்கிலீஷ் மாத இதழைத் தொடங்கினார்கள். ஆசிரியர் ராஜமய்யர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். கம்பனும் தாயுமானவரும் ஒரு பக்கம், இங்கிலீஷ் கவிகள் மறுபக்கம் என்று வளர்ந்தவர். அந்த இதழில்தான் ‘ட்ரூ கிரேட்னஸ் அல்லது வாசுதேவ சாஸ்திரி’ தொடராக வந்தது. அவருடைய இங்கிலீஷ் எழுத்துகள் 1905இல் ‘ராம்பிள்ஸ் இன் வேதாந்தா’ என்று தொகுப்பாயின. அகப்பட்டால் விடாதீர்கள்.

இங்கிலீஷ் நாவலில் கமலாம்பாளின் ஊரான சிறுகுளத்து வம்பைத் தேடாதீர்கள், ஏமாற்றமே மிஞ்சும். பேச்சில் அந்தக் கொச்சை இல்லை. வாக்கியங்கள் கோட்டும் தலைப்பாகையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரு காரியம் செய்து பாருங்கள். ஒரு பக்க உரையாடலை மனசுக்குள் மதுரைச் சீமைத் தமிழில் சொல்லிப் பார்த்தால், எது கேட்ட பேச்சு, எது படித்த பேச்சு என்று பிரித்துவிடலாம். இந்த விளையாட்டில்தான் எனக்கு அந்த நாவல் ருசித்தது. நாவலாகத் தமிழே ஒசத்தி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இங்கிலீஷில் நாவலாசிரியரைவிட வேதாந்தியின் கையே ஓங்கியிருக்கிறது.

1898 மே மாதம் ராஜமய்யர் காலமானதும் இதழ் நின்றுபோனது. அதே ஆண்டு ஆகஸ்டில் இமயமலையில் இருக்கும் அல்மோராவிலிருந்து மறுபடி கிளம்பியது. இன்றும் வந்துகொண்டிருக்கிறது. வாசுதேவ சாஸ்திரியின் கதை மட்டும் அவர் விட்ட இடத்திலேயே நிற்கிறது.