தாவி எண்ணுதல்: ஓசைக்குள் இருக்கும் கணக்கு

‘ஐந்து, பத்து, பதினைந்து, இருபது’ என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து சொல்வது பள்ளி வாசல் வரை கேட்கும். இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக, பத்துப்பத்தாக நகரும் இந்தத் தாவி எண்ணுதலைப் பெருக்கலுக்கான முதல் படியாக ஆசிரியர்கள் கருதுகிறார்கள். அது சரிதான். ஆனால் முதல் படியிலேயே பிள்ளையை நிறுத்திவிடும் ஆபத்தும் இந்தப் பயிற்சிக்குள் இருக்கிறது.

முதலில் அதன் வலிமை. வாய்ப்பாட்டை வெறுமனே மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஆறேழு மறந்தால் மறந்ததுதான். தாவி எண்ணத் தெரிந்த பிள்ளை, ஆறாறு 36 என்ற இடத்திலிருந்து இன்னொரு ஆறு தாவி 42-ஐ அடைந்துவிடும். அதே தாவல் வகுத்தலுக்கும் உதவுகிறது: 35-ஐ எட்ட எத்தனை ஐந்துகள்? எண்கோட்டில் ஒரு தவளை நான்கு நான்காகவும் இன்னொன்று ஆறு ஆறாகவும் தாவினால் இரண்டும் முதலில் சந்திப்பது 12-இல், அடுத்து 24-இல். மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரைக் கேள்விப்படும் முன்பே பிள்ளை அதைக் கண்ணால் பார்த்துவிடுகிறது.

எண்களின் ஒழுங்கு வெளிப்படும் இடம் இன்னும் வளமானது. மூன்றின் மடங்குகளில் ஒன்றாம் இட இலக்கத்தை மட்டும் எழுதுங்கள்: 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7, 0. பத்து இலக்கங்களும் ஒருமுறை வந்துவிட்டன. ஏழுக்கு எழுதினால் 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0. முதல் வரிசையின் 0-வை விட்டுவிட்டுப் பின்னிருந்து படித்தால் இதுதான். மூன்றும் ஏழும் சேர்ந்து பத்தாவதால், ஒன்றாம் இடத்தைப் பொறுத்தவரை ஏழு முன்னே தாவுவதும் மூன்று பின்னே தாவுவதும் ஒன்றே. நான்கோ 4, 8, 2, 6, 0 என்று ஐந்து இலக்கங்களில் சுற்றி நின்றுவிடுகிறது. நான்குக்கும் பத்துக்கும் இரண்டு என்ற பொதுக் காரணி இருப்பதே காரணம். மூன்றுக்கும் பத்துக்கும் அப்படி ஒன்றும் இல்லை. இந்த ‘ஏன்’ வரை போகும்போதுதான் தாவி எண்ணுதல் கணிதமாகிறது.

பெரும்பாலும் வகுப்பு அதுவரை போவதில்லை என்பதே முதல் குறை. ‘ஐந்து, பத்து’ பாட்டைத் தடையின்றிச் சொல்லும் பிள்ளையிடம் எட்டு ஐந்துகள் எவ்வளவு என்று கேட்டால், மறுபடி ஐந்திலிருந்து தொடங்கி விரல் மடக்குகிறது. சொல்லும் எண்ணையும், எத்தனையாவது தாவல் என்பதையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைக்க வேண்டும். நடுவில் ஒரு தாவல் பிசகினால் அதற்குப் பின் வரும் எல்லாமே பிசகு. 3-இல் தொடங்கி ஐந்தைந்தாகச் சொல்லச் சொன்னால் 8, 13, 18 என்று வருவதற்குப் பதில் தயக்கம் வருகிறது. பிள்ளை கற்றது ஓசையை. ஐந்து கூடுவதை இன்னும் கற்கவில்லை.

இரண்டாவது குறை, ஒழுங்கே தவறான முடிவுக்கு இழுப்பது. இரண்டுக்கும் ஐந்துக்கும் கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே போதும். அந்தப் பழக்கத்தில், 13, 26, 29 எல்லாம் மூன்றின் மடங்குகள் என்று பிள்ளை சொல்லிவிடுகிறது. மூன்றாவதாக, 4, 8, 12, 16, 20, 24 என்பதும் 6, 12, 18, 24 என்பதும் ஒரே இடத்தில் ஏன் முடிகின்றன என்பதைத் தாவல் காட்டாது. நான்கு வரிசையில் ஆறாறு புளியங்கொட்டைகளை அடுக்கி, பக்கவாட்டிலிருந்தும் பார்க்க வைத்தால் ஒரு நொடியில் விளங்கும். அரையைக் காலால் பெருக்கும் வகுப்பு வரும்போது தாவல் முற்றிலும் கைவிட்டுவிடும்.

இதற்காக ஓசையைப் பழிப்பது சரியாகாது. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கச் சொல்லித்தான் முழு எண்களின் பெருக்கலோடு பின்னங்களின் பெருக்கலையும் மனத்தில் பதித்தார்கள். இருபதில் ஒரு பங்கான மாவும், எண்பதில் ஒரு பங்கான காணியும் நிலக்கணக்கில் நாள்தோறும் புழங்கியதால் அந்த மனப்பாடத்துக்குப் பயன் இருந்தது. பொருளோடு ஒட்டாத ஓசைதான் வீண்.

எனவே மாற்ற வேண்டியது நாம் கேட்கும் கேள்விகளை. எங்கிருந்தும் தொடங்கச் சொல்லலாம், பின்னோக்கித் தாவச் சொல்லலாம், தாவலோடு வரிசை அடுக்கையும் வைக்கலாம். பிள்ளை கற்றுவிட்டதா என்று அறிய நூறு வரை ஒப்பிக்கச் சொல்வதை விட, ‘0-விலிருந்து நான்கு நான்காகத் தாவினால் 42-ஐத் தொடுவோமா?’ என்று கேட்பது மேல். இரட்டை எண் என்பதால் ‘தொடுவோம்’ என்று சொல்லத் தோன்றும். 40-இலிருந்து 44-க்குத் தாவிவிடுவோம் என்று மறுத்து, 2-இல் தொடங்கியிருந்தால் தொட்டிருப்போம் என்றும் காரணத்தோடு சொல்லும் பிள்ளைக்கு மடங்கும் மீதியும் கைவசமாகிவிட்டன. வாய்ப்பாட்டை அதன் பிறகு எத்தனை முறை உரக்கச் சொன்னாலும் அது அந்தப் பிள்ளைக்கு வெறும் ஓசையாக இருக்காது.