டெல்ஃபிக்காரர்களை லாசரஸுக்கு அழைப்பது எப்படி?

1995இல் போர்லாந்து வெளியிட்ட டெல்ஃபி, திரையில் பட்டனை இழுத்து வைத்து அதற்கான பாஸ்கல் நிரலை உடனே எழுதும் வசதியால் ஒரு தலைமுறை நிரலாளர்களைக் கட்டிப்போட்டது. 1999இல் தொடங்கிய லாசரஸ், ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரை வைத்துக்கொண்டு அதே வசதியைத் திறமூலமாகத் தருகிறது. டெல்ஃபிக்காரர்களை இந்தப் பக்கம் இழுக்க அதன் ஆதரவாளர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: டெல்ஃபி மாதிரியேதான், ஆனால் இலவசம். நல்ல கருவிக்கு இது சரியான அறிமுகம் இல்லை என்பேன்.

முதலில் இலவசம். 2018 முதல் டெல்ஃபிக்கும் கம்யூனிட்டி பதிப்பு உண்டு. ஆண்டு வருமானம் 5,000 டாலரைத் தாண்டாதவர்கள் காசில்லாமல் பயன்படுத்தலாம். கற்பவருக்கு அதுவே போதும். நிறுவனங்களுக்கோ லைசன்ஸ் கட்டணத்தைவிடப் பழைய நிரலை மாற்றி எழுதும் ஆள்செலவுதான் பயம்.

'மாதிரியே' என்பதில் உண்மை நிறைய இருக்கிறது. டெல்ஃபி புராஜெக்ட்டை மாற்றித் தரும் கருவி லாசரஸுக்குள்ளேயே இருக்கிறது. சின்ன நிரல்கள் அதிகச் சிரமமில்லாமல் ஓடிவிடும். வேறு மொழிக்குத் தாவுபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. சிக்கல் பெரிய நிரல்களில்தான் தெரியும். விலைக்கு வாங்கிப் பயன்படுத்திய காம்பொனன்ட்களில் பல லாசரஸுக்கு வருவதில்லை. டெல்ஃபி 2009 பதிப்பிலேயே வந்துவிட்ட பெயரில்லாத ஃபங்ஷன்கள், 2021இல் வெளியான ஃப்ரீ பாஸ்கல் 3.2.2இல்கூட இல்லை.

இவையாவது கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும். தெரியாமல் நுழைவது எழுத்துக் கணக்கு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் இன்றைய டெல்ஃபி 5 என்று சொல்லும். அது யூடிஎஃப்-16இல் த, ம, ி, ழ, ் எனக் குறியீடுகளை எண்ணுகிறது. லாசரஸில் அதே கட்டளை 15 என்று சொல்லும். அங்கே யூடிஎஃப்-8, ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். முதல் எழுத்தை மட்டும் வெட்டியெடுக்கச் சொன்ன பழைய வரி, இங்கே 'த'வின் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தரும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது கண்ணிலேயே படாது; தமிழ்ப் பெயர்களைக் கையாளும் நிரலில் முதல் நாளே வெடிக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாமல் கூப்பிட்டால், வந்தவர் ஒரே வாரத்தில் கோபத்தோடு திரும்பிப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

லாசரஸின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 2008இல் எம்பார்காடெரோ நிறுவனத்துக்கும் 2015இல் ஐடெரா நிறுவனத்துக்கும் டெல்ஃபி கைமாறியது. டெல்ஃபியின் லினக்ஸ் வடிவமாக 2001இல் வந்த கைலிக்ஸ் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. அதை நம்பி எழுதியவர்கள் நடுவழியில் நின்றார்கள். லாசரஸை அப்படி ஒரு நிறுவனம் இழுத்து மூட முடியாது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும் கோப்பு மேலாளர் டபுள் கமாண்டரும் கோப்புச் சுருக்கி பீஜிப்பும் அதில் எழுதப்பட்டவையே. அதன் உரிமம் மூலநிரலை வெளியிடாமல் மென்பொருளை விற்கவும் இடம் தருகிறது. இருபது ஆண்டு பழைய நிரலைக் காப்பாற்ற வேண்டிய ஒருவரிடம், எது மாறாது, எது உடையும் என்ற பட்டியலோடு இவற்றை முன்வைத்தால் அவர் உட்கார்ந்து கேட்பார்.