கணக்கு சரி, காசு மலையேறுகிறதா?

கொல்லிமலை வளப்பூர் நாட்டில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிளகு விற்க நாமக்கல்லுக்கு இறங்கிய குடும்பத் தலைவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். இழப்பீட்டு வழக்கு சில ஆண்டுகள் நடந்து தீர்ப்பாகிறது. காப்பீட்டு நிறுவனமும் தொகையைக் கோர்ட்டில் கட்டிவிடுகிறது. சட்டப்படி குடும்பம் வென்றுவிட்டது. அந்தப் பணம் காரவள்ளியைத் தாண்டி, 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வீடு வந்து சேர வேண்டுமானால், முதலில் நீதிமன்றக் கணக்கு எழுத்தரின் மேசையைக் கடந்தாக வேண்டும்.

அந்த மேசையின் கணக்குமுறையை அவ்வளவு எளிதில் குறைசொல்லிவிட முடியாது. பெருந்தொகை எழுத்தரின் கைக்கே வருவதில்லை. கட்டுகிறவர் செலான் போட்டுக் கருவூலத்திலோ வங்கியிலோ கட்டுகிறார். செலான் வைப்புத்தொகைப் பதிவேட்டில் ஏறி ஓர் எண் பெறுகிறது. பணம் வெளியே போக வேண்டுமானால் மனு வேண்டும், நீதிபதியின் உத்தரவு வேண்டும், காசோலைப் பதிவேட்டில் அதற்கொரு வரி வேண்டும். ஒருவர் எழுதியதைத் தலைமை எழுத்தரோ சிரஸ்தாரோ சரிபார்க்கிறார். மாதம் முடிந்ததும் தொடக்க இருப்பு, வரவு, பட்டுவாடா, இறுதி இருப்பு ஆகிய நான்கையும் கருவூலக் கணக்கோடு ஒத்துப்பார்க்கிறார்கள். மாதக் கடைசி நாளில் கட்டிய தொகை அடுத்த மாதம் பதிவாகியிருக்கலாம். வேறொரு கணக்குத் தலைப்பில் போய் விழுந்திருக்கலாம். சிறு வித்தியாசம் வந்தாலும் பழைய செலான் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தே தீர வேண்டும். இவற்றுக்கு மேல் முதன்மை மாவட்ட நீதிபதியின் ஆண்டு ஆய்வும் கணக்காயர் அலுவலகத்தின் தணிக்கையும் இருக்கின்றன. கையாடலைத் தடுப்பதற்கு இது நல்ல அரண். பொறுமையோடு இதைக் கட்டிக்காக்கும் எழுத்தர்களின் உழைப்பு மதிப்புக்குரியது.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது.

மாதக் கணக்கு இரண்டு புத்தகங்களை மட்டுமே ஒத்துப்பார்க்கிறது: ஒன்று நீதிமன்றத்தின் பதிவேடு, மற்றொன்று கருவூலம் அல்லது வங்கியின் ஏடு. பணத்துக்கு உரியவர் அந்த ஒப்பீட்டுக்குள் வருவதே இல்லை. வங்கியில் ஐந்து ஆண்டுகளாக யாரும் கேட்காமல் கிடக்கும் தொகை மாதந்தோறும் இறுதி இருப்பில் ஒழுங்காக இடம்பெறும். ஒரு பைசா வித்தியாசம் இருக்காது. ஆகவே கேள்வியும் எழாது.

கருவூல வைப்பு இன்னும் கடினமானது. அதற்கு வட்டி கிடையாது. மூன்று முழுக் கணக்கு ஆண்டுகளுக்கு மேல் கோரப்படாவிட்டால், மார்ச் இறுதியில் அது காலாவதியாகி அரசின் வரவில் சேர்ந்துவிடுகிறது. உரிமை அழிந்துவிடுவதில்லை, பின்னாலும் கேட்டு வாங்கலாம். ஆனால் அதற்குக் கணக்காயர் அலுவலகம் வரை காகிதம் போய்வர வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணிடம் இதை எத்தனை முறை கேட்க முடியும்?

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை உச்ச நீதிமன்றமே வெளிக்கொண்டுவந்தது. குஜராத்தின் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலை வைத்து, 2024-இல் அது தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. விபத்துத் தீர்ப்பாயங்களில் கோரப்படாமல் கிடந்த தொகை குஜராத்தில் ஏறத்தாழ 282 கோடி ரூபாய், உத்தரப் பிரதேசத்தில் 239 கோடி, மகாராஷ்டிரத்தில் 459 கோடி என்று தெரியவந்தது. இவை காணாமல்போன பணம் அல்ல, கணக்கில் பத்திரமாக இருந்தவை. வெளியிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்ட பிறகே இவற்றைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்பது கவலை தருகிறது.

2025 ஏப்ரல் 22 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு தீர்ப்பளித்தது. கோரிக்கை மனுவிலேயே ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களைப் பெற வேண்டும், பணத்தை நேராக அந்தக் கணக்கில் செலுத்த வேண்டும், கோரப்படாத தொகைகளின் விவரத்தை இணையத்தில் வெளியிட வேண்டும், உரியவர்களைத் தேட சட்டப் பணிகள் அமைப்புகளின் உதவியைப் பெற வேண்டும் என்றது அது. எல்லாமே தேவையானவைதான்.

நேரடிப் பட்டுவாடாவில் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. எழுத்தறிவு இல்லாதவர்களின் இழப்பீட்டைத் தரகர்கள் பறித்துக்கொள்ளாமல் இருக்க, நிரந்தர வைப்பில் போட்டுப் பாதுகாக்கும் வழியைச் சூசம்மா தாமஸ் வழக்கு 1990-களிலேயே வகுத்தது. அந்த வழியைத் தீர்ப்பாயங்கள் யோசிக்காமல் எல்லோர்மீதும் திணிப்பதை 2012-இல் ஏ.வி. பத்மா வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. பாதுகாப்புக்கென்று பூட்டியது சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிட்டது. அதற்காகப் பூட்டே வேண்டாமென்றும் சொல்ல முடியாது; யாருக்கு எவ்வளவு காலம் என்று ஆளைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் வேறொரு எழுத்து என்றிருந்தால் நேரடிப் பட்டுவாடாவும் நின்றுபோகும்.

இணையப் பட்டியல் மட்டும் கொல்லிமலைக்குப் போதாது. 14 ஊராட்சிகளின் அலுவலகங்களிலும், மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கங்களிலும் அச்சிட்ட தாளாக அது ஒட்டப்பட வேண்டும். தொகையை அதில் குறிக்கக் கூடாது, குறித்தால் தரகர்களுக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும். வழக்கு எண்ணும் ஊர்ப் பெயரும் போதும்.

தணிக்கைப் படிவத்திலும் இரண்டு புதிய பத்திகள் வேண்டும்: இந்தத் தொகை எத்தனை ஆண்டாகக் கிடக்கிறது, உரியவருக்குக் கடைசியாக எப்போது தகவல் போனது. மின்னீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அரசு 2023-இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. பதிவேடுகள் கணினிக்கு வந்துவிட்டால் வயதுவாரிப் பட்டியல் எடுப்பது பெரிய வேலை அல்ல. ஊர் ஊராகப் போய் வாரிசுகளைத் தேடுவதுதான் பெரிய வேலை. அதை எழுத்தர் தலையில் கட்டக் கூடாது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்களிடம், மலையில் பிறந்து வளர்ந்தவர்களாகப் பார்த்து, ஒவ்வோர் ஏப்ரலிலும் பட்டியலைக் கொடுக்கலாம். அடுத்த மார்ச்சில் தொகைகள் காலாவதியாகும் முன் அவர்களுக்குப் பதினொரு மாதம் கிடைக்கும்.