வடம் கட்டிய தாளம்

மேடையில் ஒரு சிறிய மேசை. அதன்மேல் சாம்பல் நிறத்தில் இரண்டு கேம் பாய்கள், பக்கத்தில் ஒரு மிக்சர். இரண்டு கருவிகளையும் ஒரு மெல்லிய லிங்க் கேபிள் பிணைத்திருக்கிறது. வாசிப்பவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். இரண்டு கருவிகளும் ஒன்றாகப் பாடத் தொடங்குகின்றன. ஒன்றில் கனமான அடிநாதமும் தாளமும் எழ, மற்றொன்றில் மேல்ராகம் சுழல்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் அரங்கு முழுவதையும் ஒரே கருவி நிறைப்பதுபோல் இருக்கும்.

கேம் பாய் இசையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் ஒலியைப் பற்றியே எழுதுகிறார்கள்: அந்தக் கூர்மை, அந்தக் கரகரப்பு, அது கிளறும் சிறுவயது நினைவு. எனக்கு அந்த ஒலி மிகவும் பிடிக்கும். ஆனாலும் இந்தக் கலையை மேடையில் எடைபோட வேண்டுமானால் பார்வையை அந்தக் கேபிளின் பக்கம் திருப்ப வேண்டும் என்று நினைக்கிறேன். காலத்தைக் காக்கும் பொறுப்பை வாசிப்பவரின் தோளிலிருந்து கேபிள் இறக்கிவைக்கிறது. அப்படி ஓய்வு கிடைத்த கையையும் காதையும் அவர் எதற்குச் செலவிடுகிறார் என்பதுதான் இந்தக் கலையின் உரைகல்.

நிண்டெண்டோ நிறுவனம் 1989இல் ஜப்பானில் கேம் பாயை விளையாட்டுக் கருவியாக வெளியிட்டது. நான்கு ஏஏ பேட்டரிகள், நான்கே சாயல்கள் காட்டும் திரை, நான்கு ஒலித்தடங்கள். முதல் இரண்டு தடங்களும் சதுர அலை தருபவை. அவற்றின் துடிப்பகலத்தை 12.5, 25, 50, 75 விழுக்காடு என நான்கு அளவுகளில் மட்டும் வைக்கலாம். மூன்றாவது தடத்தில் 32 புள்ளிகளைக் கொண்டு நாமே ஓர் அலைவடிவம் வரைந்துகொள்ளலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்கள் உண்டு. நான்காவது வெறும் இரைச்சல்; தாளத் தட்டுகள் பெரும்பாலும் அதிலிருந்து செதுக்கப்படுகின்றன. எந்தத் தடத்தையும் இடக்காதில், வலக்காதில் அல்லது இரண்டிலும் ஒலிக்கச் செய்யலாம். சற்றே இடப்பக்கம் தள்ளிவைப்பது என்ற பேச்சே இல்லை.

இந்தப் பெட்டியை இசைக்கருவியாக்கியவை இரண்டு மென்பொருள்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கலை மாணவராக இருந்த ஆலிவர் விட்சோ 1998இல் நானோலூப் என்ற சீக்வென்சரை உருவாக்கினார். நான்குக்கு நான்கு கட்டத்தில் 16 அடிகள். அவற்றில் குறிகளை வைத்துச் சுழலவிட்டால் இசை. 2000இல் சுவீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி லிட்டில் சவுண்ட் டிஜே என்ற டிராக்கரை வெளியிட்டார். அதில் 16 அடிகள் சேர்ந்தால் ஒரு தொடர், தொடர்கள் கோத்தால் ஒரு சங்கிலி, சங்கிலிகள் அடுக்கினால் ஒரு பாட்டு. எட்டுப் பொத்தான்களால் முழுப் பாட்டையும் பேருந்தில் உட்கார்ந்தபடியே எழுதிவிடலாம். நியூயார்க்கின் பிட் ஷிஃப்டர், நல்ஸ்லீப் போன்ற இசைஞர்கள் இந்தக் கருவியைக் கையில் ஏந்தி நாடு நாடாக மேடையேறினார்கள். 2006இல் நியூயார்க்கில் தொடங்கிய பிளிப் ஃபெஸ்டிவல் இந்த இசைக்கு ஒரு திருவிழாவையே தந்தது.

நான்கு தடங்கள் போதாதபோது இரண்டாவது கேம் பாய் வருகிறது. அப்போதுதான் காலம் ஒரு சிக்கலாகிறது. இரண்டு கருவிகளிலும் நிமிடத்துக்கு 120 தாள அடி என்று ஒரே டெம்போவை வைத்து, இரண்டு கட்டைவிரல்களால் ஒரே சமயத்தில் அழுத்தினால் போதாதா? போதாது. முதலில், இரண்டு விரல்களும் ஒரே கணத்தில் இறங்குவதில்லை. இறங்கினாலும் ஒவ்வொரு கருவியின் உள்ளேயும் துடிக்கும் படிகம் அதனதன் வேகத்தில் துடிக்கிறது. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 நிமிடங்களில் அது 30 மில்லி விநாடியாக வளர்ந்திருக்கும். ஒரே தட்டாக விழ வேண்டியது இரண்டு தட்டாகக் காதில் விழ அது போதும்.

டெட்ரிஸ் போட்டிக்காகவும் பின்னர் போக்கிமான் பரிமாற்றத்துக்காகவும் சிறுவர்கள் பயன்படுத்திய லிங்க் கேபிள் இங்கே கைகொடுக்கிறது. அதன் வழியே விநாடிக்கு 8192 பிட் செல்லும். 8 பிட் கொண்ட ஒரு செய்தி ஏறத்தாழ 1 மில்லி விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு கருவிகளில் ஒன்று முன்பாட்டுக்காரர், மற்றது பின்பாட்டுக்காரர். ஒரு தாள அடிக்கு 24 சிறுதுடிப்புகள் வீதம் முன்பாட்டுக் கருவி அனுப்பிக்கொண்டே இருக்கும். 120 டெம்போவில் அது விநாடிக்கு 48 துடிப்பு, ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 21 மில்லி விநாடி. பின்பாட்டுக் கருவி தன் கடிகாரத்தைப் பார்க்காது. துடிப்பு வந்தால் ஒரு படி முன்னேறும், வராவிட்டால் நின்ற இடத்தில் நிற்கும்.

இந்த எளிமைதான் முதல் பலம். முன்பாட்டுக் கருவி வேகம் கூட்டினால் பின்பாட்டும் தானாகக் கூட்டும். பாட்டின் நடுவே டெம்போவை மாற்றினாலும் இழை அறுபடாது. எவ்வளவு நேரம் வாசித்தாலும் படிகங்களின் சிறு வேறுபாடு சேர்ந்து வளராது. கணினியோ திரையோ இயங்குதளமோ இடையில் இல்லை. பெட்டியைத் திறந்து கேபிளைச் செருகி ஒரு பொத்தானை அழுத்துவதற்குள் நாலு பேர் தங்கள் மடிக்கணினியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எட்டுத் தடங்களைக் கையாளும் முழு மேடை ஒரு தோள்பையில் அடங்கிவிடுகிறது என்பதும் சாதாரண விஷயமில்லை. இசைக்கூடம் வாடகைக்கு எடுக்க வசதியில்லாத இளைஞர்கள் படுக்கையறையில் எழுதியதை அப்படியே மேடைக்கு எடுத்துவர முடிந்தது இதனால்தான்.

இரண்டாவது பலம், குறைவு கற்றுத்தரும் ஒழுக்கம். ஒரு தடம் ஒரு சமயத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும். மூன்று சுரங்கள் சேர்ந்த இணைவு வேண்டுமானால் அவற்றை மின்னல் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுக் காதை நம்பவைக்க வேண்டும். எதிரொலி வேண்டுமானால் இன்னொரு தடத்தைத் தியாகம் செய்ய வேண்டும். இரண்டாவது கருவி வந்ததும் இந்தக் கணக்கு எட்டாக விரிகிறது. ஆனாலும் எட்டு எட்டுதான். எதை விடுவது என்று ஒவ்வொரு கணமும் முடிவெடுத்த இசையில் ஒரு தெளிவு இருக்கிறது. தேர்ந்த கேம் பாய் இசையில் வீணாக ஒரு சுரம்கூட இருக்காது. எண்ணற்ற தடங்களைக் கொட்டிக் குவிக்கும் கணினி இசையில் இந்தச் சிக்கனத்தை நான் அரிதாகவே கேட்கிறேன்.

குறைகளையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். முதல் குறை, கேபிளின் ஒற்றைப் பிடிவாதம். அது எடுத்துச் செல்வது துடிப்பை மட்டுமே. 'நாம் இப்போது மூன்றாவது ஆவர்த்தனத்தின் ஐந்தாவது அடியில் இருக்கிறோம்' என்ற செய்தி அதில் போகாது. செருகி ஒரு கணம் தளர்ந்து ஐந்தாறு துடிப்புகள் தவறினால், பின்பாட்டுக் கருவி அந்த அளவு பின்தங்கியபடியே பாட்டின் கடைசிவரை ஓடும். தவறியது என்றே அதற்குத் தெரியாது. நிறுத்தி, மறுபடி இரண்டையும் சேர்த்து எழுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய செருகிகள் தேய்ந்திருக்கும். அசல் கேம் பாயின் செருகியும் பின்னால் வந்த பாக்கெட், கலர் மாதிரிகளின் செருகியும் அளவில் வேறு. பத்துப் பைசா தொடுமுனையை நம்பி ஒரு முழு நிகழ்ச்சி நிற்கிறது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இந்த ஒத்திசைவில் கேட்பது என்ற செயல் இல்லை. நம் கச்சேரி மேடையை எண்ணிப் பாருங்கள். பாடகர் சற்று இழைய விட்டால் மிருதங்கக்காரர் அந்த இழைவை உணர்ந்து கையைத் தளர்த்துவார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஓடினால் பாடகர் கையில் தாளம் போட்டபடி அதைத் தாங்கிப் பிடிப்பார். காலப்பிரமாணம் இருவருக்கும் பொதுச்சொத்து. ஒருவர் தடுமாறினால் மற்றவர் எடுத்துக்கொடுப்பார். கேம் பாய் ஜோடியில் காலம் ஒருவழிப் பாதை. பின்பாட்டுக் கருவி முன்பாட்டுக்கு எதையும் சொல்ல இயலாது. கேம் பாயோடு டிரம்ஸ் வாசிக்கும் மனிதர் ஒருவர் சேர்ந்தால் இது பளிச்சென்று தெரியும். அவர் காதில் துடிப்பை வாங்கிக்கொண்டு கருவியைப் பின்தொடர வேண்டும். அவருடைய உற்சாகத்தைக் கருவி ஒருபோதும் பின்தொடராது. சேர்ந்து ஒலிப்பது வேறு, சேர்ந்து வாசிப்பது வேறு. கேபிள் முதலாவதை உறுதியாகத் தருகிறது. இரண்டாவதைத் தர அதனால் ஆகாது.

மூன்றாவது, பார்வையாளரின் நிலை. வயலின் வில்லின் ஓட்டத்தில் இசை பிறப்பது கண்ணுக்குத் தெரியும். உள்ளங்கையளவு திரையில் 0 முதல் எஃப் வரையான பதினாறடி எண்முறையில் ஓடும் வரிசைகளை முன்வரிசை ரசிகர்கூட வாசிக்க முடியாது. வாசிப்பவர் தலையாட்டுவதும் துள்ளுவதும் மட்டுமே தெரிகிறது. அதனால்தான் சிப்டியூன் என்னும் இவ்வகை இசையின் நிகழ்ச்சிகளில் காட்சிக் கலைஞர்கள் பின்திரையில் ஒளிப்படலம் அமைக்கிறார்கள். அது அழகாக இருக்கிறது; ஆனால் வாசிப்புக்கும் பார்வைக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அது மூடிமறைக்கிறதே தவிர நிரப்புவதில்லை.

நான்காவது, பொருளின் முதுமை. பாட்டுகளைச் சேமிக்கும் கார்ட்ரிட்ஜில் உள்ள சிறு பேட்டரி செத்தால் பல ஆண்டுகள் எழுதிய பாட்டுகளும் அதோடு போய்விடும் வகை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஒலி பெருக்கியின் இரைச்சலைத் தவிர்க்கப் பலர் கருவியைத் திறந்து ஒலியை உட்சுற்றிலிருந்தே நேராக எடுக்கிறார்கள். இருட்டு மேடையில் திரை தெரியப் பின்விளக்கு பொருத்துகிறார்கள். இப்படி மாற்றப்பட்ட கருவி உயர்ந்த இசைக்கருவியாகிறது. ஆனால் நிண்டெண்டோ இனி இந்தக் கருவியைச் செய்யப்போவதில்லை. அசல் கருவிகள் குறைந்துகொண்டே வர, மலிவு என்ற பழைய பெருமையும் கரைந்து வருகிறது.

இந்தக் குறைகளுக்கு மாற்று தேடியவர்களும் உண்டு. அமெரிக்க இசைஞர் டிமோதி லாம்ப் உருவாக்கிய அர்டுயினோபாய், லிங்க் கேபிளுக்கும் மின்னிசைக் கருவிகளின் பொது மொழியான மிடிக்கும் பாலம் போட்டது. 1983இல் பிறந்த மிடியும் ஓர் அடிக்கு 24 துடிப்பு என்ற கணக்கையே கொண்டிருப்பதால் கேம் பாய் மிடி உள்ள எந்தச் சின்தசைசரோடும் சேர முடிந்தது. 2008இல் வந்த கோர்க் டிஎஸ்-10 மென்பொருள், நிண்டெண்டோ டிஎஸ் கருவிகளைக் கம்பியில்லாமலே கோத்தது. 2015இல் சுவீடனின் டீனேஜ் எஞ்சினியரிங் நிறுவனம் வெளியிட்ட பாக்கெட் ஆபரேட்டர் கருவி சாதாரண ஒலிக் கேபிளின் ஒரு பக்கத்தில் இசையையும் மறுபக்கத்தில் துடிப்பையும் அனுப்பியது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வசதியைக் கூட்டியது. ஆனால் பாலங்கள் கூடக் கூடப் பழுதாகும் இடங்களும் கூடுகின்றன. மேசைமேல் பெட்டிகள் பெருகப் பெருகக் கையடக்கம் என்ற முதல் காரணமே மறைகிறது. எதிலும் கருவி கேட்கக் கற்றுக்கொள்ளவும் இல்லை.

அப்படியானால் கேட்கும் வேலை யாருடையது? மனிதருடையது. இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன உரைகல். கேம் பாய் நிகழ்ச்சிகளை இரண்டு வகையாகப் பார்க்கிறேன். முதல் வகையில் முடித்துவைத்த பாட்டு பொத்தானை அழுத்தியதும் தொடங்கி அதன் பாதையிலேயே முடிகிறது. இரண்டு கருவிகளும் துல்லியமாகச் சேர்ந்திருக்கும். வாசிப்பவர் இல்லாவிட்டாலும் அப்படியே சேர்ந்திருக்கும். அது நல்ல பாட்டாக இருக்கலாம், மேடை நிகழ்வாக எனக்கு நிறைவு தருவதில்லை. இரண்டாவது வகையில் வாசிப்பவர் லிட்டில் சவுண்ட் டிஜேயின் நேரலை முறையில் ஒவ்வொரு தடத்தின் சங்கிலியையும் தனித்தனியாக எழுப்புகிறார், மௌனமாக்குகிறார். அரங்கு ஆடத் தொடங்கினால் அந்தச் சுழலை இன்னும் நான்கு ஆவர்த்தனம் நீட்டுகிறார். அடிநாதத்தை எடுத்துவிட்டு ஏங்கவைத்து, மறுபடி இறக்குகிறார். மிக்சரில் ஒரு கருவியைத் தாழ்த்தி மற்றொன்றை வானளவு உயர்த்துகிறார். காலத்தைக் கேபிள் பார்த்துக்கொள்வதால்தான் அவருடைய காது முழுவதும் அரங்கின்மேல் இருக்கிறது.

'எழுதிவைத்ததைத்தானே ஒலிக்கவிடுகிறார், இது வாசிப்பா?' என்ற கேள்வி நியாயமானது. கீர்த்தனையும் எழுதிவைத்ததுதான் என்று பதில் சொல்லித் தப்பித்துவிட நான் விரும்பவில்லை. கீர்த்தனையில் ஒவ்வொரு சுரமும் மறுபடி தொண்டையிலிருந்து பிறக்க வேண்டும்; இங்கே பிறக்க வேண்டியதில்லை. இந்தக் கலையில் மேடையில் பிறப்பது அடுக்கும் முறையும் நீளமும் மௌனமும்தான். அவற்றை அந்த இரவுக்கென்று ஒருவர் தீர்மானிக்கும்போது அது வாசிப்பு. தீர்மானங்கள் எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிட்டால் அது ஒலிபரப்பு.

ஆகவே இந்தக் கலையைக் கற்கும் இளைஞர்களிடம் ஒன்றைச் சொல்வேன். கேபிளை நம்புங்கள், அது தன் வேலையை அழகாகச் செய்யும். செருகியைத் துடைத்துவையுங்கள், உபரியாக ஒரு கேபிள் கொண்டுசெல்லுங்கள், பாட்டுகளை வேறு இடத்திலும் சேமித்துவையுங்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டு கருவிகளையும் கையாலேயே சேர்த்துப் பாருங்கள். ஒன்று மெல்ல நழுவுவதைக் கேளுங்கள். நிறுத்தி மறுபடி சரியான அடியில் எழுப்பப் பழகுங்கள். அப்போது காலம் என்பது கருவி உங்களுக்குச் செய்துகொடுக்கும் சேவையாக இல்லாமல் உங்கள் காதுக்குள் ஓடும் ஒன்றாகும். அந்தக் காதோடு மேடையேறினால், செருகி தளர்ந்து பின்பாட்டு தடம் மாறும் இரவிலும் எந்த அடியில் அதைத் திரும்ப அழைப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.