டேங்கருக்குக் காவல்: தலையை மட்டும் எண்ணும் விதி

2025 மார்ச் 27 அன்று தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள் நாமக்கல்லை மையமாகக் கொண்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த நிபந்தனைகளில் ஒன்று அப்போது எல்லோர் வாயிலும் அடிபட்டது. மாற்று ஓட்டுநரோ கிளீனரோ வண்டியில் இல்லாவிட்டால் 20,000 ரூபாய் அபராதம் என்பது அந்த நிபந்தனை. போராட்டம் சில நாட்களில் முடிந்தது. நிபந்தனைக்கான வக்காலத்து மட்டும் இன்னும் ஓயவில்லை. எரிவாயு ஏற்றிய வண்டியில் கூடுதலாக ஓர் ஆள் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று திருச்செங்கோட்டில் விவரம் தெரிந்தவர்களே கேட்கிறார்கள். லாரித் தொழிலை நம்பி வாழும் ஊரில் இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொள்ள வேண்டும்.

காவல் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பெட்ரோலிய விதிகள் 2002, பெட்ரோலியம் ஏற்றிய வண்டியோடு விதிகளை அறிந்த ஒருவராவது எப்போதும் இருக்க வேண்டும் என்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 133ம் அதையே சொல்கிறது. ஓட்டுநர் வண்டியை ஓட்டாத நேரத்திலும் அது அவருடைய அல்லது 18 வயதைக் கடந்த தகுதியான ஒருவருடைய கண்காணிப்பில் இருக்க வேண்டும். குழாயில் கசிவு கண்டால் வால்வை முதலில் மூடுவது பக்கத்தில் நிற்பவரின் கைதான்.

சரக்கு இறக்கும் ரயில் சைடிங்கில் இந்தக் காவல் பலன் தருகிறது. டேங்க் வேகன் நின்றதும் கைப்பிரேக் முறுக்கப்படுகிறது, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கப்படுகிறது, எர்த் கம்பி மாட்டப்படுகிறது. அதன் பிறகே குழாய் இணைப்பு. அமெரிக்கக் கூட்டாட்சி விதி 174.67ம் பிரேக், கட்டை, எச்சரிக்கைப் பலகை என்று வரிசையாக அடுக்கிவிட்டுத்தான், சரக்கு இறங்கி முடியும்வரை கவனிப்பு வேண்டும் என்று கேட்கிறது. அங்கே நிற்பவருக்கு வேலி உண்டு, ஷிப்ட் உண்டு, செய்ய வேண்டிய வேலை இன்னதென்ற தெளிவும் உண்டு. இவ்வளவும் சேர்ந்துதான் அவரைக் காவலராக்குகின்றன.

இவற்றையெல்லாம் கழித்துவிட்டு ஆளை மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை கனடாவின் லாக்-மெகாண்டிக் காட்டியது. 2013 ஜூலை 5 இரவு, கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டேங்க் வேகன்களோடு ஒரு ரயில் நான்ட் என்ற ஊரில் சரிவான பாதையில் நிறுத்தப்பட்டது. தனியாக வந்த ஓட்டுநர் ஏழு கைப்பிரேக்குகளைப் போட்டுவிட்டு விடுதிக்குப் போனார். எஞ்சினில் தீப்பிடிக்க, தீயணைப்பு வீரர்கள் வந்து எஞ்சினை நிறுத்தித் தீயை அணைத்தார்கள். ரயில் நிறுவனமும் தன் ஊழியர் ஒருவரை அனுப்பியது. அவர் தண்டவாளப் பராமரிப்புக்காரர்; எஞ்சின் நின்றால் காற்றுப் பிரேக்கின் அழுத்தம் மெல்ல இறங்கும் என்பதைக் கவனிக்க அவருக்குப் பயிற்சி இல்லை. எல்லோரும் கலைந்து போன பின் ரயில் தானாக உருண்டது. லாக்-மெகாண்டிக் ஊருக்குள் தடம்புரண்டு எரிந்ததில் 47 பேர் மாண்டார்கள். ரயிலை யாரும் வந்து பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. வந்து பார்த்தவர்களில் பிரேக்கைப் பற்றித் தெரிந்தவர் இல்லை.

20,000 ரூபாய் நிபந்தனையில் நான் காணும் பெருங்குறை இதுதான். அது மாற்று ஓட்டுநரையும் கிளீனரையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஆபத்தான சரக்கை ஓட்டுபவருக்கு மூன்று நாள் பயிற்சி வேண்டும், உரிமத்தில் தனிப் பதிவு வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்த கிளீனருக்கு என்ன பயிற்சி தந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. டேங்கரின் பின்பக்கப் பலகையில் 1075 என்று எழுதியிருக்கும். அது எல்.பி.ஜி.க்கான ஐ.நா. எண். அதைப் படித்து அர்த்தம் சொல்லத் தெரியாதவர் கேபினில் உட்கார்ந்திருந்தாலும் அபராதம் கிடையாது. எல்லாம் தெரிந்த ஓட்டுநர் தனியாக வந்தால் அபராதம் உண்டு. பாதுகாப்பு விதி அறிவைச் சோதிக்க வேண்டும். இது தலையை எண்ணுகிறது.

ஓய்வைப் பற்றி நிபந்தனையின் ஆதரவாளர்கள் வாயே திறப்பதில்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. வண்டி கண்காணிப்பிலேயே இருக்க வேண்டும் என்றால் ஓட்டுநர் எப்போது தூங்குவது? வண்டியை நம்பி ஒப்படைக்கத்தக்க தகுதியான இரண்டாவது ஆள் இருந்தால் மட்டுமே அந்தத் தூக்கம் சட்டத்துக்கு உட்பட்ட தூக்கம். தேசிய பெர்மிட் பெற்ற சரக்கு லாரிகளுக்கு இரண்டு ஓட்டுநர் கட்டாயம் என்ற விதியை 2018இல் அரசே எடுத்துவிட்டது. வாடகையில் அந்த இரண்டாவது சம்பளத்துக்கு இடம் ஒதுக்காமல், அபராதத்துக்கு மட்டும் இடம் ஒதுக்குவது என்ன நியாயம்? கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடித்த உரிமையாளர்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர்.

இடத்தைப் பற்றிய மௌனம் இன்னும் மோசம். அதே பெட்ரோலிய விதி, வெடிபொருள் தலைமைக் கட்டுப்பாட்டாளர் எழுத்துபூர்வமாக ஒப்புதல் தந்த இடத்தில் வண்டியை ஆளில்லாமலும் விடலாம் என்று வழி வைத்திருக்கிறது. சரியான இடமே பாதிக் காவல் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கொச்சியில் லோடு ஏற்றி வாளையாறு, கோவை, சங்ககிரி வழியாக வரும் ஓட்டுநருக்குக் கண்ணில் படுவது தாபா வாசலும் சாலையோரப் புளியமர நிழலும்தான். தாபாவில் அடுப்பு எரிகிறது, பக்கத்து லாரிக்காரர் பீடி பற்றவைக்கிறார். அங்கே கேபினில் இரண்டு பேர் இருந்தாலும் ஒருவர் இருந்தாலும் ஆபத்து குறையப் போவதில்லை.

விபத்துகளும் இதையே சொல்கின்றன. 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் சாலாவில் டேங்கர் கவிழ்ந்து எரிந்தபோது இறந்த சுமார் இருபது பேரில் பெரும்பாலோர் சாலையோர வீடுகளில் இருந்தவர்கள். 2024 டிசம்பர் 20 அன்று ஜெய்ப்பூரில் சாலையில் திரும்பிக்கொண்டிருந்த டேங்கர் மீது லாரி மோதி எரிவாயு பீறிட்டது. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில், கொச்சியிலிருந்து வந்த வண்டியின் டேங்க் முன்பகுதியிலிருந்து கழன்று விழுந்தது. சாலையின் வடிவமும் வண்டியின் இணைப்பும் கைவிட்ட இந்த இடங்களில் இன்னொரு கிளீனர் இருந்திருந்தால் என்ன தடுத்திருக்க முடியும்? கோவையைக் காப்பாற்றியது மணிக்கணக்கில் பீய்ச்சிய தண்ணீரும் தீயணைப்புத் துறையின் பயிற்சியும்தான்.

ஆகவே இந்த நிபந்தனையை நான் பாதுகாப்பு என்று ஏற்க மாட்டேன். விபத்து நடந்தால் பழி போய்ச் சேர வேண்டிய ஆளை முன்கூட்டியே கேபினில் உட்கார வைக்கும் ஏற்பாடு அது. எண்ணெய் நிறுவனங்களுக்கு உண்மையிலேயே காவல் வேண்டுமென்றால், இரண்டாவது ஆளுக்கும் ஓட்டுநருக்கு உள்ள பயிற்சியைக் கட்டாயமாக்கட்டும். அவர் சம்பளத்தை வாடகையில் தனியாகக் காட்டட்டும். கொச்சி-சேலம் நெடுஞ்சாலையில் வேலியும் தண்ணீரும் கழிப்பறையும் படுக்கையும் கொண்ட நிறுத்துமிடங்களைத் தங்கள் செலவில் கட்டட்டும். அபராதத்தை அதற்குப் பிறகு விதிக்கட்டும். அப்போது முதல் ஆளாக நானே அதை ஆதரிப்பேன்.