வாளின் முதுகு

பழைய வாளைக் கையில் கொடுத்தால் பெரும்பாலோர் கூரைத்தான் தடவிப் பார்ப்பார்கள். சேகரிப்பவர்களாகிய நாங்கள் அதைத் திருப்பி முதுகைப் பார்ப்போம். சண்டையும் சாணையும் கூரைத் தின்றுவிடும். முதுகில் செய்தவனின் கை அப்படியே இருக்கும்.

2025 ஆகஸ்டில் லண்டனிலிருந்து மும்பைக்கு வந்த ரகுஜி போன்ஸ்லே வாளுக்கு அழகே முதுகில்தான். கோபர்கைரனேயில் ரயிலேறி, தாணேயில் மாறி, தாதரில் இறங்கி, பிரபாதேவியில் காட்சிக்கு வைத்திருந்த அதைப் பார்க்கப் போனேன். நாக்பூர் போன்ஸ்லே அரசை நிறுவியவர் ரகுஜி. 1741இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறைகொண்டவரும் அவரே என்பதால் நம் சரித்திரத்திலும் அவருக்கு இடமுண்டு. 2025 ஏப்ரலில் லண்டன் ஏலத்தில் சுமார் 47 லட்சம் ரூபாய்க்கு மகாராஷ்டிர அரசு இந்த வாளை எடுத்தது.

ஒருபக்கக் கூருள்ள நேரான அலகு ஐரோப்பாவில் அடித்தது. பிடியோ மராட்டியக் கூடைப்பிடி. முதுகில் ரகுஜியின் பெயரும் சேனாசாகிப்சுபா என்ற பட்டமும் தங்கத்தில் பதித்த தேவநாகரியில் ஓடுகின்றன. வெளிநாட்டு அலகு, உள்ளூர்ப் பிடி, ஆகவே ஒட்டுப்போட்ட சரக்கு என்று புதியவர் ஒதுக்கிவிடக்கூடும். தக்காணத்தில் அதுவே மதிப்பு; பிரங்கி வாள் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். தஞ்சாவூர் ஆயுதசாலைக் கட்டாரிகள் பலவற்றிலும் ஐரோப்பிய அலகுதான். அலகும் பிடியும் எங்கே பிறந்தன என்பதைவிட, எத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தன என்பதையே நான் தேடுவேன். பிடியின் நாக்கு அலகைக் கவ்வும் இடத்தில் துரு இரண்டிலும் ஒரே நிறத்தில் இறங்கியிருக்க வேண்டும். இடுக்கில் பழைய அரக்கு கறுத்து, நொறுங்கித் தெரிந்தால் மனம் குளிரும். பளிங்குபோல் பிசின் தெரிந்தால் அண்மையில் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள்.

பொன் வேலையை லென்ஸ் இல்லாமல் பார்ப்பது பாவம். கொஃப்த்கரி என்ற முறையில் இரும்பின் மேல் மயிரிழைக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அந்தச் சொரசொரப்பில் தங்கக் கம்பியை வைத்துத் தட்டுவார்கள். பசையும் கிடையாது, பற்றவைப்பும் கிடையாது. கை பட்டுப்பட்டுத் தங்கம் தேய்ந்த இடத்தில் அந்தக் கீறல்வலை வெளியே வரும். எனக்குத் தங்கத்தைவிட அதுதான் பேரழகு. ஒருவர் குனிந்து உட்கார்ந்து கீறிய ஒவ்வொரு கோடும் கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். வெறும் முலாம் தேய்ந்தால் அடியில் மொழுமொழு இரும்புதான் இருக்கும்.

ஆனால் உதய்ப்பூரிலும் ஜெய்ப்பூரிலும் இன்றும் இந்த வேலையை அருமையாகச் செய்கிறார்கள். பழைய அலகில் புதுப் பொன் ஏறியிருக்கலாம். அரிப்புக் குழிகளுக்கு உள்ளேயும் தங்கம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் துரு முந்தியது, தங்கம் பிந்தியது.

மூசையில் உருக்கிய எஃகுக்கு வேறு கண் வேண்டும். கொடுமணலில் அகழ்ந்தெடுத்த மூசைகள் அந்தத் தொழிலின் பழமைக்குச் சாட்சி. அந்த எஃகில் அடித்த அலகில் கருஞ்சாம்பல் அலைகள் தெரியும், ஓரிடத்தில் கண்டது மறு இடத்தில் திரும்பாது. அமிலத்தால் வரைந்த போலி அலை மேல்தோலோடு சரி. உண்மையான அலை முதுகைத் தாண்டி மறுபக்கமும் தொடரும். அலகில் அசாதுல்லா என்ற கொல்லரின் முத்திரை கண்டதும் விலையை ஏற்றுவார்கள். தரத்தின் பெயராகவே அதைப் பல பட்டறைகள் பொறித்தன, ஆகவே முத்திரையை நம்பி எஃகைப் பார்க்காமல் விடக்கூடாது.

சோர் பஜாரின் மட்டன் தெருவில் எடுத்த ஒரு தல்வார் என்னிடம் இருக்கிறது. பொன்னும் இல்லை, எழுத்தும் இல்லை. பிடியின் தலைவட்டின் அடிப்பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில், அரத்தின் கோடுகள் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆழத்தில் கிடக்கின்றன. கிரைண்டர் ஓடியிருந்தால் எல்லாம் ஒரே வளைவாக இருந்திருக்கும். வாங்கிய கையோடு கம்பிப் பிரஷ்ஷும் பாலிஷும் எடுப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: மெல்லிய எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும், அந்தக் கோடுகளை அழித்துவிடாதீர்கள்.